இவண் என்ற சொல்லுக்கு மேலே

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும் ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி முதலாளி கேட்டார். ஒரு பக்கம் போதும் என்றார். ஒரு பக்கத்தில் முடியாது என்று அப்போதே சொல்லிவிட்டேன்.

என்னைப் பார்த்திராதவர்களுக்கு: கொல்லிமலைப் பேருந்து நிலையத்துக்கு எதிரில், நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் அதே அச்சுக் கடையில், இருபத்தாறு ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தினேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பு, கடைத் திறப்பு, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் அச்சுக்குப் போகுமுன் என் கைக்கு வரும். வாழ்த்துப்பாவும் இரங்கற்பாவும் எழுதித் தருவதும் என் பொறுப்பு. என் ஊர் அடிவாரத்தில் காரவள்ளி. காலை முதல் பேருந்தில் எழுபது வளைவும் ஏறி வருவேன், மாலையில் இறங்குவேன். ஐம்பத்துநான்காம் வயதில் வேலையை விட்டேன். ஏஐ வந்ததால் என்னை அனுப்பிவிட்டார்கள் என்று வெளியில் ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. எனக்குக் கண்ணில் நீர் அழுத்தம். திரையை உற்றுப் பார்க்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னார், விட்டேன். அவ்வளவுதான்.

நீங்கள் மூவரும் சாப்பாட்டு நேரத்தில் இதைப் பற்றியே வாக்குவாதம் செய்வதாகக் கேள்விப்பட்டேன். இயந்திரம் ஒரு நொடியில் கவிதை எழுதுகிறது, இனி மனிதன் எதற்கு எழுத வேண்டும் என்று உங்களில் ஒருவர் கேட்டாராம். எழுத்துரு, அளவு, வண்ணம் எல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு செவ்வாய்க்கிழமையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. கீழே வரும் நேரங்கள் எல்லாம் அதிலிருந்து எடுத்தவை.

நம் தொழிலில் உள்ள ஒரு சொல்லை முதலில் சொல்ல வேண்டும். அஞ்சலிப் பேனரில் மேலே தலைப்பு வரும். அதன் கீழே படம், படத்தின் கீழே நாலு வரிப் பாட்டு. பாட்டுக்கும் கீழே ‘இவண்’ என்று போட்டு மனைவி, மக்கள், உடன்பிறந்தோர் பெயர்கள் வரும். அகராதியில் இவண் என்றால் ‘இங்கே’. நம் தொழிலில், மேலே சொன்னதைச் சொல்பவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்று அர்த்தம். இருபத்தாறு ஆண்டுகளில் அந்தச் சொல்லை எத்தனை முறை திருத்தினேன் என்று எனக்கே தெரியாது. ‘இவன்’ என்று தட்டச்சு செய்துவிடுவார்கள். றன்னகரத்தை அடித்து டண்ணகரம் போடுவேன். அந்தச் சொல்லில் நான் கண்ட பிழை அது ஒன்றுதான்.

அந்தச் செவ்வாய்க்கு நான்கு நாள் முன்பு, மலைமேல் ஊர்த்தொகுதியான ஆலத்தூர் நாட்டிலிருந்து ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு படமும் பெயர்ப் பட்டியலும் அனுப்பினார். இறந்தவர் பெயர் துரைசாமி, வயது நாற்பத்தாறு, மிளகு விவசாயி. காய் பறிக்க மரத்தில் ஏறியவர் ஏணி சரிந்து விழுந்து இறந்துவிட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்கு ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் கட்ட ஒரு பேனர் வேண்டும். பாட்டு நம் பொறுப்பு.

அப்போது வடிவமைப்பில் கோகிலா இருந்தார். சேந்தமங்கலம் பக்கத்துப் பெண், கைவேகம் உள்ளவர், அக்கறையும் உள்ளவர். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நடந்த தவறு அக்கறையால் வந்தது. வெறுமனே ‘விவசாயிக்கு இரங்கற்பா’ என்று ஏஐயிடம் கேட்டால் பொதுவாக எழுதும் என்று நினைத்து, ‘மலையாளி விவசாயி’ என்று சேர்த்துக் கேட்டார். இந்த மலையின் பூர்வ உழவர்களுக்கு அதுதான் பெயர். சாதிச் சான்றிதழிலும் அப்படித்தான் இருக்கும். மலையை ஆள்பவர் என்று அவர்களே பொருள் சொல்வார்கள். கேரளத்துக்கும் அந்தப் பெயருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஏஐ அதை அறியவில்லை. இப்படி எழுதியது:

தென்னங் கீற்றின் நிழலில் பிறந்தவனே,
காயல் அலையில் கலந்த புன்னகையே,
திருவோண பூக்கோலம் வாடி நிற்கிறது,
தேவன் உன்னை அழைத்துக்கொண்டானோ!

மெய்ப்பு என் மேசைக்கு வந்தது. நான் எழுத்தெழுத்தாகப் படிப்பவன். மூன்றாம் வரியில் ஒரு பிழை கண்டேன். ‘திருவோண’ என்பதற்கும் ‘பூக்கோலம்’ என்பதற்கும் நடுவில் ஒற்று மிக வேண்டும். ஒரு ‘ப்’ சேர்த்தேன். கீழே ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தவறு கோகிலாவுடையது என்று பின்னால் எல்லோரும் பேசினார்கள். அந்த ஓணத்துக்கு ‘ப்’ வைத்து அனுப்பியவன் நான்.

செவ்வாய் காலை 10.40. துரைசாமியின் தங்கை கடைக்கு வந்தார். முப்பத்தெட்டு, நாற்பது வயது இருக்கும். சுருட்டிய பேனரை மண்வெட்டிக் காம்பு மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டு வந்தவர், அதை மேசைமேல் போட்டார்.

“ஏனுங்க, இங்க பாட்டெழுதறவங்க யாருங்க?”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் கோகிலாவைப் பார்த்தேன். கோகிலா திரையைப் பார்த்தார்.

“எங்கண்ணன் என்னிக்குங்க காயல்ல குளிச்சான்? ஆகாச கங்கை அருவிக்கே கூப்புட்டா வரமாட்டான், தண்ணி சில்லுனு இருக்குதும்பான். அவன் செத்ததுக்கு ஓணம் வாடி நிக்குதாமா?”

முதலாளி சிரிப்பை அடக்கிக்கொண்டதை நான் பார்த்தேன். அந்த அம்மாவும் பார்த்துவிட்டார்.

“சிரிங்க. நீங்க ஒருத்தருதான் பாக்கி. நேத்துப் பொழுதோட கட்டுனாங்க. பொழுதெறங்கறதுக்குள்ள ஊருக்குள்ள ‘ஓணத் தொரசாமி’ன்னு பேராயிப் போச்சு. பசங்க அது முன்னால நின்னு போட்டோப் புடிச்சு ஓணம் வாழ்த்துகள்னு அனுப்பறானுங்க. எங்கூர்ல ஒரு பேரு வெச்சாங்கன்னா அது போவாதுங்க. நாளைக்கு அவம் புள்ளைங்க பள்ளிக்கூடம் போனா ‘ஓணத்தான் மவன், ஓணத்தான் மவ’ம்பாங்க. பேரப்புள்ளைங்க வரைக்கும் வரும். வெடிஞ்சாக் காரியம். அதுக்குள்ள மாத்திக் குடுங்க.”

மலை ஊர்களின் பட்டப்பெயர் வழக்கம் எனக்குத் தெரியும். ஒருமுறை வரப்பில் வழுக்கி விழுந்தவர் வீட்டை மூன்று தலைமுறையாக ‘சறுக்கன் வீடு’ என்று அழைக்கும் ஊர் ஒன்று உண்டு. அந்த அம்மா மிகைப்படுத்தவில்லை. ஆலத்தூர் நாட்டுப் பக்கம் போகும் பேருந்து பிற்பகல் 2.15க்கு. அதை விட்டால் அவர் பேனரோடு ஊர் சேர்ந்து, வெளிச்சம் இருக்கும்போதே கட்ட முடியாது.

முதலாளி கோகிலாவிடம் திரும்பினார். “அதுகிட்டயே சொல்லித் திருத்து, கண்ணு. கேரளா இல்ல, நம்ம மலைன்னு சொல்லு. மிளகு, சாமை எல்லாம் போடச் சொல்லு.”

கோகிலா சொன்னார். ஏஐ முதலில் மன்னிப்புக் கேட்டது. தவறைச் சுட்டிக்காட்டியதற்கு நன்றி என்றது. அந்த அம்மாவின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க எனக்கு அதுவரை துணிவு வரவில்லை. ஏஐக்கு முகம் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. உடனே அடுத்த பாட்டைக் கொடுத்தது:

சாமைக் கதிர்கள் தலைகுனிந்து நிற்க,
மிளகுக் கொடிகள் உன் விரலைத் தேட,
கடுஞ்சொல் அறியாக் கனிவின் மலையே,
முகிலுக்குள் ஏன் ஒளிந்துகொண்டாய்?

நேர்மையாகச் சொல்கிறேன். நல்ல வரிகள். ‘மிளகுக் கொடிகள் உன் விரலைத் தேட’ என்ற வரி எனக்கு வந்திருந்தால் அன்று முழுவதும் மகிழ்ச்சியாக இருந்திருப்பேன். ஏஐ எழுதுவது கவிதையே இல்லை என்று சொல்லித் தப்பிக்கும் ஆட்களோடு எனக்கு உடன்பாடில்லை. அன்று திரையில் இருந்தது கவிதைதான்.

கோகிலா அதைத் திரையில் பேனரின் பழைய பாட்டு இருந்த இடத்தில் வைத்தார். முதலாளி சத்தமாக வாசித்துவிட்டு, “அருமை. அடிச்சுடு” என்றார்.

“இருங்க” என்றார் அந்த அம்மா. திரைக்கு அருகில் போய், விரலை வைத்து மெதுவாகத் தானே ஒருமுறை படித்தார். பாட்டு முடிந்தும் விரல் நிற்கவில்லை. இவண் என்பதைத் தாண்டி, துரைசாமியின் மனைவி பெயர், பிள்ளைகள் பெயர் எல்லாம் கடந்து, தன் பெயரில் வந்து நின்றது. அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. பேனரில் இருந்தது போதும்.

“நல்லாத்தேன் இருக்குது. இத யாருங்க சொல்றது?”

“நீங்கதானுங்க. உங்க குடும்பம் சொல்ற மாதிரி” என்றார் முதலாளி.

“நான் இப்பிடிச் சொல்லலைங்களே.”

“பாட்டுன்னா அப்பிடித்தானுங்க இருக்கும்.”

“கடுஞ்சொல் அறியாதவனா? எங்கண்ணனா? அவன் திட்டாத ஆளு எங்கூர்ல கெடையாது. ஆட்டத் திட்டுவான், மழையத் திட்டுவான், கொடியக் கட்டிக்கிட்டே கொடியத் திட்டுவான். பஸ்ஸு நேரத்துக்கு வந்தா, ஏன்டா நேரத்துக்கு வந்தேன்னு டிரைவரத் திட்டுவான். இதக் கொண்டுபோயிக் கட்டுனா நேத்துச் சிரிச்சத விட இன்னைக்கு ரெண்டு மடங்கு சிரிப்பாங்க. கீழ எம்பேரு இருக்குது. பொய்யி சொல்றவ நானாவேன்.”

அவர் ‘இது கவிதை இல்லை’ என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நன்றாக இருக்கிறது என்றார். ஆனால் தன் பெயருக்கு மேலே இருக்கக் கூடாது என்றார்.

நான் அப்போது செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன், ஆகவே இங்கேயும் எழுதுகிறேன். உள்ளுக்குள் எனக்கு ஒரு வெற்றி உணர்வு. இயந்திரம் இரண்டு முறை தோற்றது, இனி மனிதன் வருகிறான் என்று மேசை இழுப்பறையைத் திறந்து என் நோட்டை எடுத்தேன்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒவ்வொருவருக்கும் தனியாகத்தான் எழுதினேன். பிறகு நேரம் இல்லாமல் போயிற்று. நன்றாக அமைந்த பாட்டுகளை எண் போட்டு நோட்டில் எழுதிவைத்தேன், கூப்பிடும் சொல்லுக்கு மட்டும் இடம் விட்டு. அப்பா, அம்மா, அண்ணா, தாத்தா, பாட்டி, மாமா எல்லாமே அசை பிரித்தால் தேமா. எதை எடுத்துவிட்டு எதைப் போட்டாலும் ஓசை கெடாது. உறவுமுறைகள் இந்தத் தொழிலுக்கென்றே வைத்த பெயர்கள் போல எனக்குத் தோன்றிய காலம் உண்டு. ஒருமுறை ஒரே தெருவில் எதிரெதிர் வீடுகளில் ஒரே வாரத்தில் இரண்டு சாவு. ஒரு வீட்டு அப்பாவுக்கும் எதிர்வீட்டு அம்மாவுக்கும் எண் பதினேழு. இரண்டு பேனரும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு தொங்கின. யாரும் புகார் சொல்லவில்லை. அதில் எனக்கு நிம்மதி. அந்தப் பாட்டுகளை யாருமே படிப்பதில்லை என்று அப்போதே விளங்கியிருக்க வேண்டும். எனக்கு விளங்கவில்லை.

நோட்டிலிருந்து எண் ஒன்பதை அந்த அம்மாவுக்கு வாசித்தேன்:

மண்ணை விட்டு மறைந்தாய் அண்ணா,
மனத்தை விட்டு மறையாய் அண்ணா.

கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “இதுவும் அதேதானுங்க.”

“இது நானே எழுதினது, அம்மிணி.”

“நீங்கதான் எழுதியிருப்பீங்க. இல்லைன்னு சொல்லலை. எங்கண்ணனுக்கு எழுதலைங்களே.”

நேரம் 10.58. அந்த வரியை அன்று மாலை நாட்குறிப்பில் எழுதும்போது அடிக்கோடிட்டிருக்கிறேன். சிவப்பு மையில். பிழைக்கு மட்டுமே நான் சிவப்பு மை பயன்படுத்துவது.

உங்களில் கேள்வி கேட்டவருக்கு என் பதில் இங்கே தொடங்குகிறது. இயந்திரம் வந்து நம்மிடமிருந்து எதையோ பறித்துவிட்டது என்று சொல்லாதீர்கள். நான் அதற்கு வெகுகாலம் முன்பே அதைக் கொடுத்துவிட்டேன். யாரும் கேட்காமல், நானாக. இடம் விட்டு எழுதிய பாட்டு, பெயரை மாற்றினால் எவருக்கும் பொருந்தும் பாட்டு, அதை என்னைவிட ஏஐ வேகமாகச் செய்கிறது, நன்றாகவும் செய்கிறது. செய்யட்டும். அந்த வேலைக்காக நான் சண்டை போட மாட்டேன். அது சண்டை போடத் தகுந்த வேலை இல்லை.

சண்டை வேறு ஓர் இடத்தில் இருக்கிறது.

நோட்டை மூடினேன். ஒரு தாளை எடுத்துக்கொண்டு அந்த அம்மாவுக்கு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். இருபத்தாறு ஆண்டுகளில் வாடிக்கையாளருக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவர்கள் எப்போதும் நின்றுகொண்டு பேசுவார்கள், நான் மேசைக்குப் பின்னால் இருந்து எழுதிக்கொள்வேன்.

“அண்ணன் கடைசியா உங்ககிட்ட என்ன சொன்னாருங்க?”

அவர் சிரித்தார். கண்ணும் கலங்கியது. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன.

“என்னத்தச் சொன்னான். அன்னைக்குக் காலையில அவன் ஊட்டு வழியாத்தான் போனேன். மரமெல்லாம் நனைஞ்சு கெடக்குது, இன்னைக்கு ஏறாத, ரெண்டு நாள் கழிச்சு ஏறுன்னேன். ‘போடி, போயி உன் சோலியப் பாரு’ன்னான். ஏணியத் தூக்கிட்டுப் போயிட்டான்.”

“அப்பறம்?”

“அப்பறம் என்னங்க. சோலியத்தான் பாக்கறோம். அவனோட மொளகுக் காயுஞ் சேத்துப் பறிச்சு வெச்சுட்டோம். யாராச்சும் பறிக்கோணுமில்ல?”

நான் தாளில் எழுதினேன். எழுதியதைத் திருப்பி அவர் பக்கம் வைத்தேன்.

“போடி, போய் உன் சோலியப் பாரு” என்றாய்.
பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம், அண்ணா.
உன் மிளகையும் சேர்த்து.

அவர் விரலை வைத்துப் படித்தார். இந்த முறையும் விரல் இவண் இருக்க வேண்டிய இடம் வரை கீழே இறங்கியது. தாளில் அங்கே ஒன்றும் இல்லை. அந்த வெற்றிடத்தில் விரலால் இரண்டு முறை தட்டினார்.

“இங்க எம்பேரப் போடுங்க. இத நாந்தான் சொன்னேன்.”

நேரம் 11.09. நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்து அதுவரை பதினொரு நிமிடம். கேட்க நேரம் இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் இருபது ஆண்டுகளுக்கு மேல் அதையே சொன்னேன். அதனால்தான் நிமிடத்தைக் குறித்துவைத்தேன்.

அடுத்த தடை முதலாளி. அவரை நான் குறை சொல்லவில்லை. இதை அச்சிடுமுன் அவரும் படிப்பார், படித்துவிட்டுச் சிரிப்பார்.

“அண்ணா, சாவுப் பேனர்ல ‘போடி’ன்னு போடறதா? கடை பேரு கீழ வருதுங்ணா.”

“கடை பேர எடுத்துடலாம்.”

“அதுக்கில்ல. சோலிங்கறதெல்லாம் பேச்சுங்ணா. எழுத்துல வருமா? நீங்கதானே வட்டம் போட்டு அடிப்பீங்க?”

உண்மை. வேறு நாளாக இருந்தால் ‘சோலி’யை அடித்து ‘வேலை’ என்று எழுதியிருப்பேன். முதலாளி கோகிலாவின் பக்கம் போய், அந்த மூன்று வரியையும் ஏஐயிடம் கொடுத்து மெருகேற்றச் சொன்னார். அது மெருகேற்றியது:

“செல்வாய், உன் பணியைக் கவனி” என்றுரைத்தாய்.
கடமை தவறாது தொடர்கின்றோம், அண்ணா,
நீ வளர்த்த மிளகின் மணத்தோடு.

கோகிலாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “சார், துரைசாமி அண்ணன் ஆபீசராயிட்டாரு” என்றார்.

“இத அவன் கேட்டிருந்தான்னா உங்களையுஞ் சேத்துத் திட்டியிருப்பான்” என்றார் தங்கை முதலாளியிடம்.

முதலாளி விடவில்லை. “ஏனுங்க, ஊர்ல சிரிப்பாங்கன்னுதானே வந்தீங்க? ‘போடி’ன்னு கட்டுனாச் சிரிக்க மாட்டாங்களா?”

“சிரிக்கட்டுங்க. உசுரோட இருக்கறப்பவும் அவன் பேச்சுக்குச் சிரிச்சவங்கதான். நேத்து யாரையோ பாத்துச் சிரிச்சாங்க. இன்னைக்கு அவனப் பாத்துச் சிரிக்கட்டும்.”

முதலாளி என்னைப் பார்த்தார். ஒற்றுப் பிழையை விட்டால் என்ன என்பார், நான் விடமாட்டேன் என்பேன். அந்த வகைச் சச்சரவுகள் எங்களுக்குள் நிறைய நடந்ததுண்டு. இது அந்த வகை இல்லை என்று அவருக்கும் தெரிந்திருந்தது. நான் மெய்ப்புத் தாளில் ‘போடி’ என்பதற்கு வட்டம் போட்டு, ஓரத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதினேன். ‘சோலி’க்கும் அப்படியே. மெய்ப்புத் திருத்துபவன் தன் அதிகாரத்தில் செய்யக்கூடிய காரியம் அது ஒன்றுதான்: பிழை போலத் தெரிவதைப் பார்த்து, பிழை இல்லை என்று கையெழுத்துப் போடுவது. நாலு நாள் முன்பு பிழையே தெரியாத ஒன்றுக்குக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு தாள்களும் என்னிடம் இருக்கின்றன. வேண்டுமானால் வந்து பாருங்கள்.

“என்னவோ பண்ணுங்க” என்றார் முதலாளி. அச்சாகும்போது அவரே பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கடை வேலைக்கு ஏஐ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை வைத்து முகவரி சரிபாருங்கள், முகூர்த்த நேரம் சரிபாருங்கள், என் ‘ப்’ விட்டுப்போனதா என்று பாருங்கள். ஆனால் ஒரு மனிதரின் பெயருக்கு மேலே அதை உட்கார வைக்காதீர்கள், அவரைக் கேட்காமல். அது எவ்வளவு அழகாக எழுதினாலும் சரி. அழகு ஒரு சாக்கு இல்லை. பாட்டு தவறாகப் போனால் ஊருக்கு முன் தலைகுனிய வேண்டியவர் யாரோ, அவர்தான் பாட்டுக்கு உரியவர். இயந்திரத்துக்குக் குனியத் தலை இல்லை என்பது அதன் குற்றம் இல்லை. தலை உள்ள நாம் அதன் பின்னால் ஒளிந்துகொண்டால் அது நம் குற்றம். இதை யார் என்னிடம் பழைய காலத்துப் பேச்சு என்று சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன். பழைய காலத்தில் நான் யாரையும் இப்படிக் கேட்டதே இல்லை. எண் பதினேழைத்தான் மாட்டிக்கொண்டிருந்தேன்.

இன்னொரு சிக்கல் மிச்சம் இருந்தது. இவணில் முதல் பெயர் துரைசாமியின் மனைவியுடையது. அவருடைய ஒப்புதல் இல்லை. தொலைபேசியில் கூப்பிட்டுப் பார்த்தோம், அவர்கள் ஊரில் சிக்னல் கிடைக்கவில்லை. தங்கை, “அண்ணி ஒன்னுஞ் சொல்லாதுங்க” என்றார். ‘சொல்லாது’ என்பது ஒப்புதல் ஆகாது. ஒருமுறை கேட்காமல் விட்டதன் பலன் மேசைமேல் சுருண்டு கிடந்தது. ஆகவே 2.15 பேருந்தில் நானும் ஏறினேன். பிடிக்கவில்லை என்று அவர் சொன்னால் பாட்டுப் பகுதியைக் கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டு, படமும் பெயர்களும் மட்டும் கட்டிவிடலாம் என்பது என் ஏற்பாடு. சட்டைப்பையில் கத்தரி இருந்தது.

ஊரில் இறங்கியபோது 3.20. பேருந்து நிறுத்தத்தில் நாலைந்து பேர் இருந்தார்கள். சுருளைப் பார்த்ததும் ஓர் இளைஞர், “ஏனுங்க, இந்தவாட்டி எந்த ஊருப் பண்டிகைங்க?” என்றார். தங்கை நிற்காமல் அவரிடம் சுருளின் ஒரு முனையைக் கொடுத்து, “புடி. நீயே படி” என்றார்.

அவர் பிரித்தார். முதல் வரியைச் சத்தமாகப் படிக்கத் தொடங்கினார், கேலியான குரலில். ‘போடி’ என்ற சொல்லுக்கு வந்தபோது அந்தக் குரல் தானாகவே வேறு ஒருவர் குரலாக மாறியது. துரைசாமி எப்படிப் பேசுவார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பக்கத்தில் இருந்த பெரியவர், “அட, தொரசாமி பேசறானப்பா” என்றார். சிரித்தார்கள். இளைஞர் அடுத்த இரண்டு வரிகளைச் சத்தமில்லாமல் படித்துவிட்டு, சுருளை ஒழுங்காகச் சுற்றி என்னிடம் கொடுத்தார். “கட்டறதுக்கு நான் வாரேனுங்க” என்றார்.

ஆனால் கேட்க வேண்டியவர் வீட்டில் இருந்தார்.

துரைசாமியின் மனைவி வாசலில் சாமையைப் புடைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் வருபவர்களுக்குச் சோறு ஆக்க. தங்கை விவரம் சொன்னார். நான் பேனரைத் தரையில் விரித்து இரண்டு மூலையில் கல் வைத்தேன். அவர் முறத்தைக் கீழே வைக்காமலே நின்று படித்தார். மூன்று வரிதான். படித்து முடிக்க வெகு நேரம் ஆனது. என் கை சட்டைப்பையில் கத்தரியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“வேண்டாம்னாச் சொல்லுங்க. பாட்டை எடுத்துடலாம். உங்க பேருதான் முதல்ல இருக்குது” என்றேன்.

“இது அவுங்க அண்ணந் தங்கச்சி பேச்சுங்க. சரியாத்தான் இருக்குது” என்றார். பிறகு, “எங்கிட்டச் சொல்லிட்டுப் போனது வேற” என்றார்.

கை தானாகவே பேனாவுக்குப் போனது. “என்ன சொன்னாருங்க?”

அவர் முறத்தை ஒருமுறை தட்டினார். உமி பறந்தது.

“அது எனக்குங்க” என்றார். “நின்னுக்கிட்டே இருக்காதீங்க. காத்து வருது, போயிக் கட்டுங்க.”